சீமைக் கடப்பாரையும் பிளந்த நிலையும்

ஒரு வீட்டின் தலைவாசல் நிலையை நான் பிளந்தேன். பிளந்தவர் வேறொருவர் என்று அந்த வீட்டு ஆச்சியிடம் சொன்னேன். இரண்டையும் ஒரே காலையில், கால் மணி நேரத்துக்குள் செய்து முடித்தேன்.

போன வாரம் நான் பள்ளிக்கூடத்தில் வாங்கிய பரிசுகளைப் பற்றி எழுதியிருந்தேன். படித்துவிட்டு என் மகள், "எல்லாம் நல்லதாவே எழுதுறீகளே அப்பா, கெட்டதுக்கு வேற பத்திரிகையா?" என்று கேட்டாள். அவளுக்கு இந்தக் கதை தெரியும். காரைக்குடிப் பக்கம் என் வயதுக்காரர்கள் பலருக்கும் தெரியும். தெரியாதவர்களுக்காக எழுதுகிறேன்.

அந்த வெள்ளிக்கிழமைக் காலை இன்னும் கண்முன் நிற்கிறது. கூரை போன வீடு. ஓடுகளையும் உத்திரங்களையும் இறக்கி, மேல்சுவரை வரிவரியாகக் கொத்தி எடுத்தாகிவிட்டது. தெருவைப் பார்த்து நிலை மட்டும் நின்றது. கதவுகளைக் கழற்றியிருந்ததால் அதன் வழியே பின்கட்டுக் கிணறு வரை தெரிந்தது. நிலையின் மேல்கட்டையில் கஜலட்சுமி. இருபுறமும் யானைகள். எண்ணெய் குடித்துக் குடித்துக் கறுத்த தேக்கு.

நான் தெருப்பக்கம், செங்கல் குவியல் மேல் நின்றேன். ஒரு கையில் கடிகாரம், மறு கையில் கடப்பாரை. சுவருக்கு அந்தப் பக்கம், நிலை எடுக்க வந்த வெள்ளைக்கண்ணு சுண்ணாம்பைச் சுரண்டிக்கொண்டிருந்தார். ஆள் தெரியவில்லை. கறக், கறக் என்று சத்தம் மட்டும் வந்தது.

"இடது காது இன்னும் விடல. நான் சொல்ற வரைக்கும் தொடாதீக" என்று அவர் குரல் வந்தது.

கடிகாரத்தில் பத்து மணி இருபது நிமிஷம். பத்தரைக்கு ராகு காலம்.

அந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திக்கொள்கிறேன். என் கையில் இருந்த கடப்பாரை எப்படி அங்கே வந்தது என்று சொல்லாவிட்டால் மற்றது விளங்காது.

வெற்றிலை வைத்து அழைக்கிற வேலை

கல்லல் வழியாக ரயில் பாதை போட்டுக்கொண்டிருந்த காலம் அது. எனக்கு இருபத்துநாலு, இருபத்தைந்து வயது. எங்களுக்குக் கல்லலுக்குப் பக்கத்தில் நிலபுலம் உண்டு. படித்த பிள்ளை வயலில் இறங்க வேண்டாம் என்று அப்பா சொல்லிவிட்டார். வயல் தப்பித்தது. காரைக்குடியில் ஒரு பெரிய வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டும் வேலைக்கு மேற்பார்வை பார்க்க, இங்கிலீஷில் கடிதம் எழுதத் தெரிந்த ஆள் வேண்டும் என்றார்கள். போய்ச் சேர்ந்தேன்.

வீட்டுக்காரச் செட்டியார் பர்மாவில் இருந்தார். இங்கே சிகப்பி ஆச்சிதான் எல்லாம். அவருக்கு நாற்பது வயதிருக்கும். குரலை உயர்த்தி அவர் பேசி நான் கேட்டதில்லை. உயர்த்த வேண்டிய அவசியம் அவருக்கு வந்ததில்லை. வீடு இடிபட்ட நாள்களில் எதிர்வீட்டில் இருந்துகொண்டு எல்லாவற்றையும் கவனித்தார்.

பழைய வீட்டை இடிக்கலாம், ஓட்டை விற்கலாம், செங்கல்லை யாருக்கும் கொடுக்கலாம். தலைவாசல் நிலையை மட்டும் முழுசாக எடுத்துப் புது வீட்டில் வைத்தாக வேண்டும். முன்னோர் நுழைந்து புறப்பட்ட வழி அது. அதில் கீறல் விழுந்தால் குடும்பத்தில் பிளவு வரும் என்று நம்பிக்கை. பத்துப் பங்காளிகள் சேர்ந்து வாழ்கிற வீடுகளில் இந்தப் பயம் சாதாரணப் பயம் இல்லை.

ஆகவே நிலை எடுக்கிறவரின் கைராசி பார்ப்பார்கள். மற்ற வேலைக்கு ஆள் போதும். இந்த வேலைக்கு ஆளின் வீடு தேடிப் போய், வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டும்.

அப்படி அழைத்து வரப்பட்டவர் வெள்ளைக்கண்ணு. கல்லலுக்கு இங்குட்டு ஒரு சிற்றூர்க்காரர். என்னைவிட மூன்று நான்கு வயது மூத்தவர். ஒல்லியான உடம்பு. கடப்பாரை பிடிக்கிறவர் என்றால் நம்ப முடியாது. இருபது நிலைக்கு மேல் எடுத்திருந்தார். ஒன்றிலும் நகக்கீறல் கூட இல்லை. அவர் மனைவி ராக்கு அதே வேலையில் கூடை சுமந்தாள். வாய் கொஞ்சம் நீளம் என்று மற்ற பெண்கள் சொல்வார்கள். உண்மையைத்தான் சொல்வாள், அதுதான் நீளமாகத் தெரிந்தது.

மூன்று நாட்டுக் கடப்பாரைகளும் ஒரு சீமைக் கடப்பாரையும்

வெள்ளைக்கண்ணுவிடம் மூன்று கடப்பாரைகள் இருந்தன. மூன்றும் உள்ளூர்க் கொல்லர் அடித்தவை. முழங்கை நீளத்தில் ஒன்று, இடுப்பளவில் ஒன்று, தலைக்கு மேல் நிற்கிற ஒன்று. பெரியது அஸ்திவாரக் கல்லைப் புரட்ட மட்டும். அதை நிலைப் பக்கம் கொண்டுவர மாட்டார்.

அவற்றில் ஒன்று தேய்ந்து மாற்று தேவைப்பட்டபோது இருவரும் கல்லலுக்குப் போனோம். பாதை போடுகிறவர்கள் கழித்த இரும்பு அங்கே குவிந்து கிடந்தது. அவர் இரும்பு பார்த்த விதத்தைப் பெண் பார்ப்பது என்றுதான் சொல்ல வேண்டும். நடுவில் ஒரு கையால் தூக்கி, எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தார். ஒற்றைக் கண்ணை மூடி நீளவாக்கில் வளைவு பார்த்தார். பிறகு கருங்கல்லின் மேல் போட்டார். 'ணங்' என்று சத்தம் இழுத்தால் ஒரு பக்கம், சட்டென்று செத்தால் இன்னொரு பக்கம். சத்தம் செத்த இரும்பில் உள்ளே வெடிப்பு இருக்கும். பாரம் ஏறும்போது முறிந்து பிடித்தவன் முகத்தில் அடிக்கும்.

உருண்டைக் கம்பியைத் தொடவில்லை. எட்டுப் பட்டை வேண்டும், வேர்த்த கையில் உருளாது என்றார். கொல்லர் பட்டறையில் நுனியைக் காய்ச்சித் தண்ணீரில் முக்கும்போது பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். அதிகம் கெட்டிப்பட்டால் நுனி சில்லாகத் தெறிக்கும். இளகலாக விட்டால் மடங்கும்.

எனக்கு இதெல்லாம் நாட்டுப்புறச் சடங்காகப் பட்டது. நெம்புகோல் விதியை நான் இங்கிலீஷில் படித்தவன். மணலில் படம் போட்டுக் காட்டினேன்.

"நீளம் கூடினா பலம் கூடும். உமக்கு ஏன் இந்தக் குட்டைக் கடப்பாரை மேல இவ்வளவு ஆசை?"

அவர் படத்தைச் சுற்றி வந்து பார்த்தார். "படம் நல்லாத்தான் இருக்கு. பலம் கூடும்னு சொல்றீக, சரி. எம்புட்டுக் கூடுச்சுன்னு கைக்குத் தெரியுமா?"

"கைக்கு எதுக்குத் தெரியணும்?"

"பெறகு யாருக்குத் தெரியணும், படத்துக்கா?"

கூடை சுமந்த பெண்கள் சிரித்தார்கள். ராக்கு கொஞ்சம் கூடுதலாகச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்புக்காகத்தான் நான் சென்னைக்கு எழுதினேன் என்று நினைக்கிறேன். ஒரு கடையின் விலைப்பட்டியலில் படம் பார்த்திருந்தேன். இடிக்கிற வேலைக்கென்றே சீமையில் செய்த கடப்பாரை. ஆறடி நீளம். ஒரு முனை கொக்கின் மூக்குப் போல வளைந்து, நுனி இரண்டாகப் பிரிந்திருக்கும். ஆச்சியிடம் விதியை விளக்கிச் சம்மதம் வாங்கினேன். மதுரை வரை ரயிலில் வந்து, அப்புறம் மாட்டுவண்டியில் வந்து சேர்ந்தது. சிவப்பு வர்ணம் பூசியிருந்தது. இறக்கிய வண்டிக்காரர், "பீரங்கியா தம்பி, மிச்சம் எங்க?" என்று கேட்டார்.

வெள்ளைக்கண்ணு அதையும் கல்லில் போட்டுப் பார்த்தார். சத்தம் நெடுநேரம் நின்றது. "இரும்பு நல்ல இரும்பு. குத்தம் சொன்னா வாய் அழுகிரும்" என்றார். நியாயமான மனிதர். அந்தக் கடப்பாரை நன்றாகவே உழைத்தது. உத்திரத்தில் அடித்த ஆணிகளை வளைந்த மூக்கால் பல் பிடுங்குவது போலப் பிடுங்கினோம். மூன்று பேர் புரட்டுகிற படிக்கல்லை ஒருவர் புரட்டினார். ஒரு வாரம் தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. நான் மீசையை முறுக்காத குறை.

"எல்லாத்துக்கும் வச்சுக்கங்க" என்றார் வெள்ளைக்கண்ணு. "நிலைகிட்ட மட்டும் வேணாம்."

அவர் நிலை எடுக்கிற முறையைச் சொல்லிவிடுகிறேன். மேல்கட்டையின் இரு முனைகளும் ஒவ்வொரு சாண் அளவு சுவருக்குள் போயிருக்கும். அவற்றைக் காது என்பார். இரண்டு காதுகளையும் சுற்றிச் சுண்ணாம்பைச் சுரண்டி விடுவித்த பிறகுதான் நெம்பலாம். கடப்பாரைக்கு அடியில் புளியங்கட்டையை அணை கொடுத்து, உதறாமல், உடம்பின் பாரத்தை மெல்ல ஏற்ற வேண்டும். ஒரு நூல் இடைவெளி கிடைத்ததும் நிறுத்தி, காது கொடுத்துக் கேட்டு, மர ஆப்பைச் செருக வேண்டும். மறுபடி அமுக்க வேண்டும். அந்தக் காலத்துச் சுண்ணாம்பு லேசில் விடாது. கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் சேர்த்து அரைத்தது. இரும்பு பட்டால் பொறி பறக்கும். ஒரு காதை விடுவிக்க அரை நாள் ஆகும்.

பத்தரை மணி

வலது காது முதல்நாளே விட்டுவிட்டது. இடது காதுக்குத்தான் வெள்ளைக்கண்ணு சூரியன் வந்ததிலிருந்து போராடிக்கொண்டிருந்தார். பத்தரைக்குள் நிலை தரையில் இருக்க வேண்டும் என்று ஆச்சி இரண்டு தடவை சமையற்காரரிடம் சொல்லியனுப்பிவிட்டார்.

"நேரம் போகுது" என்றேன்.

"இந்த வெள்ளி போனா அடுத்த வெள்ளி இருக்கு" என்றது சுவர். "காது போனா என்ன இருக்கு?"

கடிகாரத்தைப் பையில் போட்டேன். சீமைக் கடப்பாரையின் மூக்கை வலப்பக்கம் மேல்கட்டைக்கு அடியில் கொடுத்தேன். அணைக்கு ஒரு கட்டை வைத்தேன். முனையைப் பிடித்துத் தொங்கினேன்.

சுலபமாக இருந்தது. அந்த முனையில் என்ன நடக்கிறதென்று இந்த முனைக்கு ஒன்றுமே தெரியவில்லை. விதி சொன்னபடி பலம் கூடியிருந்தது. வெள்ளைக்கண்ணு சொன்னபடி எவ்வளவு கூடியிருந்தது என்று என் கைக்குத் தெரியவில்லை.

காய்ந்த விறகு வெடிப்பது போல் ஒரு சத்தம். இடது காதின் அருகில் தொடங்கிய பிளவு, யானையின் முதுகு வழியாக ஓடி, துதிக்கையில் வந்து நின்றது. அதைவிடப் பெரிதாக எனக்குக் கேட்டது, கறக் கறக் என்ற சத்தம் நின்றதுதான்.

நான் கடப்பாரையைக் குவியலில் போட்டுவிட்டு இறங்கினேன். எதிர்வீட்டு உள்கட்டில் இருந்த ஆச்சி சத்தம் கேட்டுத் தெருவைக் கடந்து வந்தார். பின்னால் இரண்டு மூன்று உறவினர்கள். வெள்ளைக்கண்ணு முழங்கைக் கடப்பாரையுடன் நிலை வழியாக வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார்.

ஆச்சி பிளவைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார். "யாரு நெம்புனது?"

வெள்ளைக்கண்ணு என் முகத்தைப் பார்த்தார். சொல்வேன் என்று நம்பிக் காத்திருந்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு இன்று கொஞ்சம் லேசாக இருக்கும்.

"வெள்ளைக்கண்ணு அவசரப்பட்டுட்டாரு ஆச்சி" என்றேன். "நேரத்துக்குள்ள எடுக்கணும்னுதான்."

"நான் சொரண்டிக்கிட்டுல்ல இருந்தேன் ஆச்சி" என்றார் அவர்.

ராக்கு கூடையை இறக்கினாள். "இவுகதான் தொங்குனாக. நான் இந்தா இங்க நின்னு பாத்தேன்."

"புருசனுக்குப் பொண்டாட்டி சாட்சியாக்கும்" என்றார் கூட வந்தவர்களில் ஒருவர்.

ஆச்சி எதுவும் திட்டவில்லை. கூலியை முழுசாகக் கொடுக்கச் சொன்னார். "ஒன் கைராசிய நம்பித்தானப்பா ஒன்னய அழைச்சது" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். அது போதுமாக இருந்தது.

நான் ஏன் சொன்னேன் என்று பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். உண்மையைச் சொன்னால் ஆச்சி என்னை வேலையை விட்டு நீக்கியிருக்க மாட்டார். வீட்டில் சோற்றுக்கும் குறைவில்லை. மணலில் போட்ட படமும், சென்னைக்கு எழுதிய கடிதமும், சிவப்புக் கடப்பாரையும் சேர்ந்து என்னைப் பார்த்துச் சிரிக்குமே என்று பயந்தேன். அவ்வளவுதான் காரணம். ஒரு சிரிப்புக்குப் பயந்து ஒரு மனிதரின் பெயரைக் கொடுத்தேன்.

வெற்றிலை வராத வீடு

பிளந்த மேல்கட்டைக்குப் பித்தளைப் பட்டை அடித்தார்கள். புது வீட்டில் அந்த நிலையை நெல் போடுகிற இருட்டு அறைக்கு வைத்தார்கள்.

வெள்ளைக்கண்ணுவுக்கு 'நிலை பிளந்தவர்' என்று பெயர் வந்தது. யாரும் அவரை ஒதுக்கவில்லை, ஏசவில்லை. வெற்றிலை மட்டும் வரவில்லை. தெருவுக்குத் தெரு வீடு எழும்பிய காலம் அது. வாரம் ஒரு நிலை எங்காவது எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் கண்டரமாணிக்கம் சாலைக்குக் கல் உடைக்கப் போனார்.

நான் மேற்பார்வை வேலை முடிந்து காரைக்குடியிலேயே பள்ளிக்கூட வாத்தியாரானேன். நெம்புகோல் பாடம் வருஷம்தோறும் வந்தது. சீமைக் கடப்பாரையை ஆச்சி எனக்கே கொடுத்திருந்தார். அது வீட்டுக் கொல்லையில் சாய்ந்து நின்றது. மழையில் அதன் சிவப்பு உரிந்தது. கல்யாணமாகிப் பிள்ளைகளும் பிறந்தார்கள். நன்றாகத்தான் இருந்தேன். எங்காவது சுவர் சுரண்டுகிற சத்தம் கேட்டால் மட்டும் வேறு பக்கம் நடப்பேன்.

இப்படி ஏழு வருஷம் போயிற்று.

திருக்கோஷ்டியூர் விளக்கு

மாசித் தெப்பத்துக்குத் திருக்கோஷ்டியூரில் தெப்பக்குளத்தைச் சுற்றி விளக்கு வைப்பார்கள். நினைத்தது நடக்க வேண்டுமென்று வேண்டிக்கொண்டு ஒரு விளக்கை எடுத்துப் போய் வீட்டில் வைத்து, நடந்ததும் அடுத்த வருஷம் கொண்டு வந்து ஏற்றுவது வழக்கம். நானும் போனேன். மனபாரம் தீர வேண்டும் என்பது என் வேண்டுதல். என்ன பாரம் என்று பெருமாளிடம்கூட விவரமாகச் சொல்லவில்லை.

பிற்பகல் வெயிலில் ஒரு விளக்கைத் துண்டில் சுற்றிக்கொண்டு படியேறியபோது எதிரே ராக்கு. அவளும் கையில் விளக்கு வைத்திருந்தாள். அடையாளம் தெரியாதது போலப் போயிருக்கலாம். அவள் விடவில்லை.

"என்ன வாத்தியாரே, என்ன வேண்டுதல்?"

"மனசு சரியில்ல ராக்கு. அதான்."

"எதுக்காம்?"

துண்டை விளக்கின் மேல் இன்னும் இறுக்கிச் சுற்றினேன். அவள் என் விளக்கையே பார்த்தாள்.

"நிலையப் பெளந்தது நீங்க. பேரு கெட்டது எங்க வீட்டுக்காரவுகளுக்கு. நடுவுல பெருமாளு என்ன செஞ்சாரு? அவருகிட்ட வந்து நிக்கிறீக. எங்க வீடு இதவிடக் கிட்டத்துலதான இருக்கு?"

கூட்டம் நகர்ந்தது. அவள் போய்விட்டாள். நான் விளக்கை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சீமைக் கடப்பாரையை வண்டியில் ஏற்றிக்கொண்டு வெள்ளைக்கண்ணு வீட்டுக்குப் போனேன். அதைக் கொடுத்து மன்னிப்புக் கேட்பது என் யோசனை. எவ்வளவு மட்டமான யோசனை என்று வாசலில் இறக்கும்போதுதான் உறைத்தது. ராக்கு தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை.

வெள்ளைக்கண்ணு நான் சொன்னதைக் கடைசி வரை கேட்டார். கையெல்லாம் கல் தழும்பு.

"எங்கிட்ட எதுக்குச் சொல்றீக? நான் பெளக்கலங்கிறது எனக்குத் தெரியுமே" என்றார். "அன்னிக்கு யாருகிட்டச் சொன்னீகளோ அவுககிட்டச் சொல்லுங்க. அன்னிக்கு எத்தன பேரு இருந்தாகளோ அதுக்குக் கொறையாம இருக்கப்பச் சொல்லுங்க."

காய் நறுக்குகிற இடத்தில்

சிகப்பி ஆச்சி வீட்டில் ஒரு கல்யாணம் வந்தது. முதல்நாள் காலையில் வளவு முற்றத்தில் உட்கார்ந்து பத்துப் பதினைந்து பேர் காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். ஆச்சி நடுவில் வாழைக்காய்க் குவியலுக்குப் பக்கத்தில் இருந்தார்.

"வாங்க வாத்தியாரே, சாப்பிட்டீகளா?"

நின்றபடியே சொன்னேன். இந்தக் கட்டுரையின் முதல் இரண்டு வாக்கியங்களை, ஏறக்குறைய அப்படியே. சீமைக் கடப்பாரையையும் சேர்த்துச் சொன்னேன். அரிவாள்மணைச் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது.

ஆச்சி கையில் இருந்த காயை நறுக்கி முடித்தார். பிறகு பேசினார்.

"ஏழு வருசமா நெல்லு எடுக்கப் போறப்பல்லாம் அந்த நிலையப் பாத்து அந்த மனுசனை மனசுக்குள்ள வஞ்சிருக்கேன். அந்த வசவெல்லாம் இப்ப எங்க போகும்?"

"எனக்கு வரட்டும் ஆச்சி."

"வரும்" என்றார். "அது கிடக்கட்டும். கல்யாணம் முடியட்டும். அந்த நிலைய எடுத்துச் சாமி வீட்டுக்கு வைக்கணும். அவுகளே வந்து எடுக்கணும்."

"நான் போய்க் கூப்பிட்டு வர்றேன்."

"நீங்க கூப்பிட்டா அவுக எதுக்கு வரணும்? ஏழு வருசம் போகாத வெத்தலை, நானே கொண்டு போறேன்."

போனார். வில்வண்டியில் போய் இறங்கி, தாம்பாளத்தைத் தாமே எடுத்துக்கொண்டு நடந்தாராம். ஊர் கூடி நின்று பார்த்ததாம். தாம்பாளத்தை வாங்கிக்கொண்ட வெள்ளைக்கண்ணு ஒரு நிபந்தனை போட்டார். "வாரேன் ஆச்சி. அங்குட்டுப் பக்கம் கடப்பாரை பிடிக்க வாத்தியாரு வரணும்."

ராக்கு தலையில் அடித்துக்கொண்டாளாம். "வேற ஆளே கெடைக்கலையா ஒங்களுக்கு?"

"பெளக்குற சத்தம் எப்படி இருக்கும்னு கேட்ட ஆளு அவரு. இனி அவருக்கு முன்னாடியே கேக்கும்."

இரண்டாம் தடவை

இந்தத் தடவை வேலை கடினம். பிளந்த கட்டை. பித்தளைப் பட்டை மட்டுமே அதைப் பிடித்திருந்தது. சுவரோ முட்டை வெள்ளையில் இழைத்து முகம் தெரிகிற சுவர். பங்காளிகள் வந்து நின்றார்கள். கட்டை இரண்டானால் வெள்ளைக்கண்ணுவை இனி யாரும் எந்தக் காலத்திலும் கூப்பிட மாட்டார்கள். அது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

என் கையில் முழங்கைக் கடப்பாரையைக் கொடுத்தார். எட்டுப் பட்டையும் தேய்ந்து வழுவழுவென்று இருந்தது. அவர் இடுப்பளவுக் கடப்பாரையுடன் அறைக்குள்ளே போனார். எனக்கு மறுபடியும் சுவர்தான் தெரிந்தது.

"அமுக்குங்க. நிறுத்துங்க. என்ன கேக்குது?"

"ஒன்னும் கேக்கல."

"அப்ப ஆப்பு."

இப்படியே ஒரு மணி நேரம். வேர்வை கண்ணில் இறங்கியது. யாரோ பின்னால், "நேரம் முடியப்போகுது ஆச்சி" என்றார்கள்.

அடுத்த தடவை அமுக்கியபோது உள்ளங்கையில் ஒரு சின்னத் துடிப்பு. சத்தம்கூட இல்லை. இரும்புக்குள் எறும்பு ஊர்வது போல. கையை அப்படியே நிறுத்தினேன்.

"வெள்ளைக்கண்ணு" என்றேன். "இடது காது இன்னும் விடல."

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. ஏழு வருஷத்தில் நான் முதல் தடவை கேட்ட சிரிப்பு.

"இத அன்னிக்குக் கேட்டிருக்கலாம்" என்றார். கறக், கறக் என்று சத்தம் மறுபடி தொடங்கியது.

"நேரம் போனாப் போகட்டும்" என்றார் ஆச்சி. "அவுக சொல்லும்போது எடுத்தாப் போதும்."

நேரம் போயிற்று. நண்பகலுக்குச் சற்று முன்னால் நிலை முழுசாகக் கயிற்றில் இறங்கியது. பழைய பிளவு துதிக்கையைத் தாண்டி ஒரு மயிரிழைகூட நகரவில்லை. ஆச்சி விரலால் தடவிப் பார்த்துவிட்டு, வெள்ளைக்கண்ணுவுக்கு வேட்டியும் துண்டும் கொடுத்தார். எனக்குச் சாப்பாடு போட்டார்.

பிறகு

நடந்தது ஒரே வாரத்தில் ஊரெல்லாம் பரவியது. பெயரும் கைமாறியது. ஓய்வு பெறும் வரை பள்ளிக்கூடத்தில் என் பட்டப்பெயர் 'நிலை பிளந்த வாத்தியார்'தான். நெம்புகோல் பாடம் நடத்தும்போது கடைசி பெஞ்சில் இருமல் கேட்கும். பாடத்தில் ஒரு வரி நானே சேர்த்துக்கொண்டேன்: நீளம் கூடினால் பலம் கூடும், கைக்குத் தெரிவது குறையும். பரீட்சையில் அதற்கு மதிப்பெண் இல்லை.

வெள்ளைக்கண்ணுவுக்கு அந்த ஏழு வருஷத்தை யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை. அந்த வருஷங்களில் எழும்பிய வீடுகளில் ஒன்றில்கூட அவர் கை படவில்லை. நடந்தால் கண்ணுக்குத் தெரிகிற தெருக்கள் அவை. அதற்கு நான் ஈடு செய்ததாகச் சொல்லிக்கொள்ள மாட்டேன்.

நிலை இறங்கிய நாலைந்து மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைப் பார்க்கப் போனேன். வாசலில் ஒரு புது எருமை நின்றது. அதைக் கட்டியிருந்த முளையை எங்கோ பார்த்தது போலிருந்தது. சீமைக் கடப்பாரை. மூக்கு மேலே இருக்க, மூன்றடி ஆழம் தரையில் இறக்கியிருந்தார்கள். வளைந்த மூக்கில் கயிறு வாகாக நின்றது.

"அவுக இல்ல" என்றாள் ராக்கு. "தேவகோட்டையில நிலை எடுக்கப் போயிருக்காக. நாளைக்குக் கோட்டையூரு. வெத்தலை வச்சுட்டுப் போனாக."

அவரைப் பார்க்கத்தான் இரண்டு மணி நேரம் வெயிலில் வந்திருந்தேன். அவர் வீட்டில் இல்லை என்று கேட்டபோது அப்படி ஒரு சந்தோஷம். திரும்பி நடக்கப் போனேன்.

"நில்லுங்க. மோர் குடிச்சுட்டுப் போங்க."

"அன்னிக்கு வந்தப்பத் தண்ணிகூடக் குடுக்கல" என்றேன். என்ன தைரியமோ.

"அன்னிக்கு எருமை இல்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மோரில் உப்புக் கொஞ்சம் அதிகம். கை தவறியதா, வேண்டுமென்றே போட்டாளா என்று நான் கேட்கவில்லை. அவள் பார்த்துக்கொண்டு நிற்க, சொம்பு காலியாகும் வரை குடித்தேன்.